அந்தப் பெரிய உடம்புக்கு நான் போட்ட மார்க்

நான் என்ன வேலை செய்கிறேன் என்று எங்கள் தெருவில் யாரிடமும் விளக்கமாகச் சொன்னதில்லை. கம்ப்யூட்டர் வேலை என்பதோடு நிறுத்திக்கொள்வேன். ராஜபாளையத்தில் அது போதும். மேற்கொண்டு கேட்பவர்களிடம், வெளிநாட்டுக் கம்பெனி, இங்கிருந்தே பார்க்கலாம் என்பேன். அதற்கு மேலும் ஒருவர் கேட்டால் அவர் வீட்டிலோ அவருக்கு வேண்டியவர் வீட்டிலோ கல்யாண வயதில் பெண் இருக்கிறது என்று அர்த்தம்.

உண்மையில் நான் பகல் முழுக்கப் பார்ப்பது தடியர்களை. அமெரிக்காவில் கால்பந்து என்று ஓர் ஆட்டம் ஆடுகிறார்கள். பேர்தான் கால்பந்து. பெரும்பாலும் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுவதும் எறிவதும்தான். பந்தை எறிகிறவனுக்கு முன்னால் ஐந்து பேர் வரிசையாகக் குனிந்து நிற்பார்கள். ஒவ்வொருவனும் நம் ஊர் ஆட்கள் இரண்டு பேரைச் சேர்த்து வைத்த அளவு இருப்பான். எறிகிறவன்மேல் பாய வரும் எதிராளிகளை இந்த ஐந்து பேரும் மறிக்க வேண்டும். அதுதான் அவர்கள் வேலை. பந்தை எடுத்துக்கொண்டு ஓடமாட்டார்கள், புள்ளி எடுக்கமாட்டார்கள். ஒழுங்காக மறித்துக்கொண்டே இருந்தால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஒரு தடவை கோட்டை விட்டால் மைதானம் முழுக்க அவனைத்தான் பார்க்கும்.

கல்லூரிகளில் ஆடும் இந்தப் பையன்களை ஆண்டுக்கு ஒருமுறை தொழில்முறை அணிகள் முறை வைத்துத் தேர்ந்தெடுத்துக்கொள்கின்றன. அதற்கு முன்னால் ஒவ்வொருவனையும் அலசி அறிக்கை எழுதித் தர அங்கே கம்பெனிகள் இருக்கின்றன. அப்படி ஒரு கம்பெனிக்காகத்தான் நாங்கள் ராஜபாளையத்தில், பேண்டேஜ் துணி குடோனுக்கு மேல்மாடியில் உட்கார்ந்து படம் பார்க்கிறோம். எனக்கு ஒதுக்கியிருப்பது முன்வரிசைக்காரர்கள். அவர்களை மைதானத்தின் கடைசியிலிருந்து, முதுகுப்பக்கமாகவும் பக்கவாட்டிலிருந்தும் எடுத்த படங்களில்தான் பார்க்க வேண்டும். காலை எப்படி வைக்கிறான், இடுப்பை எவ்வளவு இறக்குகிறான், கை எதிராளியின் நெஞ்சில் பதிகிறதா வழுக்குகிறதா, தள்ளினால் நிற்கிறானா பின்னால் போகிறானா. ஓட்டி, நிறுத்தி, திரும்ப ஓட்டி, ஒவ்வொரு மறிப்புக்கும் மார்க் போட வேண்டும். கடைசியில் அவனைப் பற்றி நாலு வரியும் நூற்றுக்கு ஒரு மொத்த மார்க்கும்.

நானும் பெரிய உடம்புக்காரன்தான். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் வாய் திறப்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுவது என் பழக்கம். பஸ்ஸில் ஏறியதும் கண்டக்டரிடம், "எனக்கு ரெண்டு டிக்கெட் போடுங்கண்ணே" என்பேன். கல்யாண வீட்டில் பிளாஸ்டிக் நாற்காலியை நகர்த்திப் போட்டால், "ஒண்ணு தாங்காது, ரெண்ட அடுக்கிப் போடுங்க" என்பேன். சிரித்துவிடுவார்கள். சிரிப்பு எப்படியும் வரத்தான் போகிறது, அதை நானே வரவழைத்தால் கொஞ்சம் வலி குறையும். பள்ளிக்கூடத்தில் இரண்டாம் பெஞ்சு உடைந்த நாளிலிருந்து இப்படித்தான் காலம் தள்ளுகிறேன்.

எங்கள் சொந்தத்தில் ஆணின் உடம்பை அளப்பது சாதாரண விஷயம். வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்திலோ போலீஸிலோ இருப்பார். பிளஸ் டூ முடித்த பையன்கள் விடிகாலையில் ரோட்டில் ஓடுவார்கள். எம்புட்டு உயரம், மூச்சை இழுத்தால் நெஞ்சு எம்புட்டு விரிகிறது என்று டீக்கடையிலேயே பேச்சு நடக்கும். அப்பா பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர். அண்ணன் இப்போதும் அங்கேதான் இருக்கிறான். என் முறை வந்தபோது, "டேப்பு பத்தாதுப்பா, ரெண்ட ஒட்டணும்" என்று நானே சொல்லிவிட்டேன். மாமா சித்தப்பாவெல்லாம் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை. பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். இப்போது அவர் இல்லை. வீட்டில் நானும் அம்மாவும்தான்.

அம்மா எனக்குப் பெண் தேட ஆரம்பித்து வெகுநாளாகிறது. வருகிற பதிலெல்லாம் மரியாதையாகத்தான் வரும். ஜாதகம் சரிப்படவில்லை என்பார்கள், பெண் மேலே படிக்க ஆசைப்படுகிறாள் என்பார்கள். அம்மா அதையெல்லாம் கேட்டுக்கொண்டு, போனை வைத்துவிட்டு, ஒரே வார்த்தையில் எனக்கு விளங்க வைப்பாள். "ஒடம்புதாம்லே." பிறகு அவளாகவே பழைய கதைக்குப் போய்விடுவாள். நான் குறைமாதத்தில் பிறந்தவன். எலிக்குஞ்சு மாதிரி இருந்தேனாம், பிழைக்காது என்று சொல்லிவிட்டார்களாம். பிழைத்ததும் அம்மா ஊட்ட ஆரம்பித்தாள். நிறுத்த அவளுக்குப் பயம். "நாந்தாம்லே ஒன்னயக் கெடுத்தேன்" என்பாள். இல்லைம்மா என்று நான் சொல்வதுண்டு. ஆனால் அதில் அழுத்தம் இருந்ததில்லை. யாராவது ஒருவர் பொறுப்பேற்றுக்கொண்டால் எனக்குச் சௌகரியமாக இருந்தது.

போன தை கழிந்து ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஒரு வரன் வந்தது. பெண் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். சுந்தரபாண்டியத்தில் கொஞ்சம் நிலம் உண்டு. தகப்பனார் இல்லை, தாய்மாமன்தான் எல்லாம் பார்க்கிறார். ஜாதகம் பொருந்திவிட்டது. அம்மா போனை என் கையில் கொடுத்துப் படத்தைக் காட்டினாள். கழுத்துவரைக்கும்தான் படத்தில் இருந்தது. படம் எடுத்தவர் சிரிக்கச் சொல்லியிருக்கிறார், அந்தப் பெண் மாட்டேன் என்று உதட்டை இறுக்கியிருக்கிறது, ஆனாலும் கண்ணில் சிரிப்பு வந்துவிட்டது. எனக்குப் பிடித்துப்போனது. அம்மா தூங்கிய பிறகு அவள் போனை எடுத்து இன்னொரு தடவை பார்த்தேன். இதற்கு முன்னால் எந்தப் படத்தையும் நான் இரண்டாம் தடவை பார்த்ததில்லை. பார்த்தால் ஆசை வந்துவிடும் என்று பயம்.

எங்கள் பக்கம் பெண் வீட்டார் சரி என்று சொல்வதற்கு முன்னால் மாப்பிள்ளையை விசாரிப்பார்கள். விசாரிக்க வந்திருக்கிறோம் என்று யாரும் சொல்லிக்கொண்டு வருவதில்லை. அந்தத் தெருவில் ஏதோ ஜோலி இருப்பதுபோல வந்து, டீக்கடையில் உட்கார்ந்து, சலூனில் பேப்பர் படித்து, பக்கத்து வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடித்து, பேச்சோடு பேச்சாக ஆளைப் பற்றிக் கேட்டுக்கொள்வார்கள். குடிப்பானா, சீட்டு விளையாடுவானா, வாய்ச்சண்டைக்குப் போவானா. ஊருக்கே தெரிந்த ரகசியம் இது. மாப்பிள்ளை வீட்டாரும் சும்மா இருப்பதில்லை. நானும் எங்கள் டீக்கடைக்காரரிடம் போய், யாராவது வந்தால் பார்த்துச் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். "ரெண்டு வடைதான் திம்பான்னு சொல்லுதேன், போதுமா" என்றார். சலூனிலும் சொல்லி வைத்தேன். ஆபீஸில் கூட வேலை பார்ப்பவர்களிடமும் சொன்னேன். எல்லாப் பக்கமும் அடைத்துவிட்டதாக நினைப்பு.

அந்தச் சமயம் நான் ஒரு பையனை மூன்று நாளாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். இடதுபக்கக் கடைசியில் நிற்பவன். பேர் வேண்டாம். அவனுக்கு வயிறு இருந்தது. மற்றவர்களும் பெரிய ஆட்கள்தான், ஆனால் அவர்களுக்கு உடம்பு இறுகிக் கிடக்கும். இவனுக்கு அப்படியில்லை. குனிந்து நிற்கும்போது சட்டை மேலே ஏறி, வயிறு இடுப்புப் பட்டைக்கு வெளியே வந்து தொங்கும். அதை இழுத்து மூடவேண்டும் என்றுகூட அவனுக்குத் தோன்றவில்லை. ஆயிரக்கணக்கான பேர் பார்க்கிறார்கள், அவன்பாட்டுக்கு நிற்கிறான். அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு எரிச்சலாக வந்தது.

அவனைத் தாண்டி யாரும் போகவில்லை. இதைச் சொல்லாமல் விட்டால் பாவம். காலை அகட்டி உட்காருவதுபோல இறங்குவான், எதிராளி மோதுவான், அவ்வளவுதான், அங்கேயே நின்றுவிடும். ஒவ்வொரு மறிப்புக்கும் நானே நல்ல மார்க்தான் போட்டிருந்தேன். மொத்த மார்க் என்று வந்தபோது கை கீழே போனது. உடம்பைப் பேணத் தெரியாதவன், தளர்ந்த வயிறு, ஒழுக்கம் போதாது, பெரிய ஆட்டத்துக்குத் தாங்கமாட்டான் என்று எழுதினேன். நாற்பது போட்டு அனுப்பிவிட்டேன். பிற்பாடு அவனை ஓர் அணி எடுத்துக்கொண்டது. என் மார்க்கை அவர்கள் பார்த்தார்களா, பார்த்துச் சிரித்தார்களா, தெரியாது.

அனுப்பிய மறுநாள் மத்தியானம் ஆபீஸில் நான் மட்டும் இருந்தேன். மற்றவர்கள் சாப்பிட வெளியே போயிருந்தார்கள். நான் யார் முன்னாலும் சாப்பிடுவதில்லை. எல்லோரும் போன பிறகு திறந்து, வருவதற்குள் மூடிவிடுவேன். டிபன் கேரியரைத் திறக்கும்போது படியில் ஆள் ஏறி வரும் சத்தம் கேட்டது. அவசரமாக மூடி மேஜைக்கு அடியில் தள்ளினேன். வந்தவருக்கு அறுபது வயது இருக்கும். வெள்ளை வேட்டி, கையில் ஒரு மஞ்சப்பை.

"மாடியில எடம் வாடகைக்கு இருக்குன்னு கீழ சொன்னாக. செத்த நேரம் உக்காந்துக்கிடலாமா தம்பி? படி ஏறுனது மூச்சு வாங்குது."

உட்காரச் சொன்னேன். தண்ணீர் கொடுத்தேன். பக்கத்து அறை காலியாகத்தான் இருந்தது, குடோன்காரரிடம் பேச வேண்டும் என்று சொன்னேன். அவர் தலையாட்டிக்கொண்டே என் கம்ப்யூட்டரைப் பார்த்தார். திரையில், நான் இன்னும் மூடாத படத்தில், அந்த வயிற்றுக்காரன் நின்றுகொண்டிருந்தான்.

"இது என்ன தம்பி, குஸ்தியா?"

"அமெரிக்காக்காரன் ஆட்டம் அண்ணாச்சி. இவனுகள டீம்ல சேக்கலாமா வேண்டாமான்னு நாங்க இங்கேருந்து பாத்துச் சொல்லணும்."

"நீங்க சொல்லியா எடுக்காக அங்க?"

"நாங்க சொல்லுததும் அதுல சேரும்."

"அடேயப்பா" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. இத்தனை வருஷத்தில் என் வேலையைப் பற்றி ஒருவர் இவ்வளவு அக்கறையாகக் கேட்டதில்லை. படத்தை ஓட்டிக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "எல்லாம் ஆனை கணக்கா இருக்கானுகளே" என்றார். சொல்லிக்கொண்டே தலையைத் திருப்பினார். என்னைப் பார்த்தாரா, என் பின்னால் இருந்த ஜன்னலைப் பார்த்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. என்னைத்தான் என்று அப்போது எடுத்துக்கொண்டேன். அவர் அடுத்த வார்த்தை பேசுவதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

"இவனப் பாருங்கண்ணாச்சி" என்று, வயிறு நன்றாகத் தெரியும் இடத்தில் படத்தை நிறுத்தினேன். "சட்டை ஏறி நிக்கிறதுகூடத் தெரியாம நிக்கான். வெக்கம் வேண்டாமா? இவங்க ஆத்தா உருட்டி உருட்டி வாயில திணிச்சிருப்பா போல. இந்த ஒடம்பு தானா வாரதில்ல. தின்னுட்டுத் தின்னுட்டுப் படுத்தா வாரது. நாளைக்கு இவனுக்குப் பொண்ணு குடுக்கிறவன் மொதல்ல கட்டிலத்தான் மாத்தணும்."

அவர் சிரித்தார். சின்னச் சிரிப்பு. எனக்கு அது போதுமானதாக இருந்தது. இன்னும் கொஞ்சம் ஓட்டினேன், இன்னும் கொஞ்சம் பேசினேன். எதிராளி மோதும்போது வயிறு குலுங்குவதை மெதுவாக ஓட்டிக் காட்டினேன்.

"அப்ப இவன எடுக்கச் சொல்ல மாட்டீங்க?" என்றார்.

"நானா? நாப்பது மார்க் போட்டு அனுப்பியாச்சு. பாக்கவே சகிக்கல. நான் சொல்லுதேனேன்னு நெனக்காதீங்க, நானும் அந்த எனந்தான். அதனாலதான் சொல்லுதேன். ஒரு தடியன இன்னொரு தடியன் நம்பப்படாது அண்ணாச்சி."

சொல்லிவிட்டு, வழக்கம்போல வயிற்றில் தட்டிக் காட்டினேன். அந்த இடத்தில் எல்லோரும் சிரிப்பார்கள். அவர் சிரிக்கவில்லை. மஞ்சப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். "எடம் நமக்குத் தோதுப்படாது தம்பி. வாரேன்" என்று சொல்லிவிட்டு, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் படியிறங்கிப் போனார். நான் கேரியரை எடுத்துச் சாப்பிட்டேன். நன்றாகப் பேசினோம் என்ற திருப்தியோடுதான் சாப்பிட்டேன்.

அந்த வாரமே தரகர் போன் செய்தார். ஜாதகத்தை இன்னோர் இடத்தில் காட்டினார்களாம், அவ்வளவு சரியாக வரவில்லையாம். அம்மா போனை வைத்தாள். இந்தத் தடவை "ஒடம்புதாம்லே" என்றுகூடச் சொல்லவில்லை. மறுநாள் காலை எனக்குக் கொள்ளுக் கஞ்சி வந்தது. அவளும் அதையே ஒரு கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டு எதிரில் உட்கார்ந்தாள். அவள் உடம்பில் கரைக்க ஒன்றுமில்லை, குச்சி மாதிரி இருப்பாள். "நீங்க ஏம்மா குடிக்கீங்க?" என்றேன். "நாஞ் செஞ்ச வினைக்கு நானும் குடிக்கணும்லா" என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது. அம்மாமேல் இல்லை, அந்த வீட்டுக்காரர்கள்மேல். எத்தனையோ பேர் தட்டிக் கழித்திருக்கிறார்கள், ஒருவரையும் நான் கேள்வி கேட்டதில்லை. இந்த இடத்தை மட்டும் விட மனசு வரவில்லை. பொருந்திய ஜாதகம் எப்படிப் பொருந்தாமல் போகும்? உடம்பைப் பார்த்து ஓர் ஆளை எடைபோட நீங்கள் யார்? உங்கள் வீட்டுப் பெண்ணைக் கண்கலங்காமல் வைத்துக்கொள்வேனா என்று பார்த்தீர்களா, இடுப்புச் சுற்றளவைப் பார்த்தீர்களா? ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் சொல்லாமல் கிளம்பினேன். ஸ்ரீவில்லிபுத்தூர் போகிற பஸ்ஸில் உட்கார இடம் இருந்தும் நின்றுகொண்டே போனேன். கேட்க வேண்டிய கேள்விகளை ஒவ்வொன்றாக மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன். ரொம்ப நியாயமான கேள்விகளாக எனக்குத் தோன்றின. அன்றைக்குக் கண்டக்டரிடம் ரெண்டு டிக்கெட் கேட்கவில்லை.

வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. கதவைத் தட்டினேன். திறந்தவர் மாடியைப் பார்க்க வந்த அண்ணாச்சி.

கேட்க வந்ததெல்லாம் அந்த வாசலிலேயே போய்விட்டது. அவர் முகத்தில் ஆச்சரியமோ கோபமோ ஒன்றும் இல்லை. "வாங்க தம்பி, உள்ள வாங்க" என்று ஓர் இரும்பு நாற்காலியை இழுத்துப் போட்டார். அது தாங்குகிற நாற்காலிதானா என்று கையால் அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் போட்டார். கேலியாகச் செய்யவில்லை. அந்த வீட்டில் அது பழக்கமாக இருப்பது தெரிந்தது. அப்போதும் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

"ஜாதகம்லாம் நல்லாவே பொருந்துச்சு தம்பி" என்று அவராகவே ஆரம்பித்தார். "அத ஒங்ககிட்ட மறைக்க மாட்டேன். டீக்கடையிலயும் ஒங்க தெருவுலயும் நல்லாத்தான் சொன்னாக. கெட்ட பழக்கம் இல்ல, ஆத்தாள நல்லா வச்சுக்கிடுதாருன்னாக. சரி, நேருல ஒரு வாட்டி பாத்துட்டுப் போயிருவோம்னுதான் மாடி ஏறுனேன்."

நான் தரையைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

"எங்க புள்ளயும் கனத்த ஒடம்புதான் தம்பி. போட்டாவுல தெரிஞ்சிருக்காது. சின்னதுலருந்து அது கேக்காத பேச்சு இல்ல. வந்த எடமெல்லாம் தட்டிப் போச்சு. ஒங்க போட்டாவப் பாத்ததும் எங்க அக்கா என்ன சொன்னா தெரியுமா? 'இந்தப் பையன் வீட்டுலயாவது நம்ம புள்ள பயமில்லாம ஒரு வாய் சோறு திங்கும்'னா. அதுக்காவத்தான் நாங்க ஒங்களத் தேடி வந்ததே."

"அண்ணாச்சி, நான் அன்னிக்கு வெளையாட்டுக்கு" என்று தொடங்கினேன். "என்னயச் சொல்லிக்கிடுத மாதிரிதான் அவனயும் சொன்னேன். யாராவது சொல்லுததுக்கு முன்னாடி நானே" என்று இழுத்தேன்.

"அது தெரிஞ்சது தம்பி. நீங்க ஒங்களத்தான் திட்டிக்கிட்டீங்க. ஆனா கூட இருக்கப் போறவளுக்கும் அது காதுல விழும்லா. எத்தன நாளைக்கு அவ சிரிச்சுக்கிட்டே கேட்டுக்கிட்டு இருப்பா?"

அவர் குரலை உயர்த்தவில்லை. திட்டியிருந்தால் எனக்குத் திருப்பிப் பேச ஏதாவது கிடைத்திருக்கும். எழுந்து போய்விடலாம் என்று நாற்காலியின் கையைப் பிடித்தேன். அந்த நேரத்தில் உள்ளேயிருந்து காபி வந்தது. கொண்டுவந்தது அந்த டீச்சர்தான்.

பெரிய உடம்புதான். வாசல் நிலையில் லேசாகப் பக்கவாட்டில் திரும்பி வந்தார். நானும் அப்படித்தான் திரும்புவேன். படத்தில் இருந்த அதே கண், சிரிப்பு மட்டும் இல்லை. நான் முகத்தைப் பார்க்க முடியாமல் டம்ளரைப் பார்த்து வாங்கிக்கொண்டேன். அவர் உள்ளே போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"மாமா சொன்னாங்க" என்றார். "ஒரு ஆட்டக்காரருக்கு நாப்பது மார்க் போட்டீங்களாமே."

"ஆமா."

"ஆட்டத்துல தப்பு நெறையப் பண்ணுவாரோ?"

"இல்ல. நல்லா ஆடுவான்."

"ஆளுகள உள்ள விட்டுருவாரா?"

"ஒருத்தனயும் விட்டதில்ல."

"பொறவு எதுல கொறச்சீங்க?"

குத்திக்காட்டுகிற குரலில் கேட்கவில்லை. ஒரு டீச்சர் இன்னொரு டீச்சர் திருத்திய பேப்பரை வாங்கிப் பார்த்துவிட்டு, கணக்கெல்லாம் சரியாக இருக்கிறதே என்று கேட்பதுபோலத்தான் கேட்டார். நான் யோசித்தேன். ஒழுக்கம் போதாது என்று எழுதியதைச் சொல்லலாமா என்று பார்த்தேன். அவனுடைய ஒழுக்கம் எனக்கு எப்படித் தெரியும்? பெரிய ஆட்டத்துக்குத் தாங்கமாட்டான் என்று சொல்லலாமா? அவன்தான் தாங்கிக்கொண்டிருந்தானே. எனக்கு முன்னால் நிற்கும் அந்தப் பெண்ணிடம் உண்மையைத்தான் சொல்ல வேண்டியிருந்தது.

"பாக்க நல்லா இல்ல" என்றேன்.

தாய்மாமன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்தப் பெண் சரி என்பதுபோலத் தலையை மட்டும் அசைத்தார். "காபி ஆறுது, குடிங்க" என்றார். நான் குடித்து முடிக்கும்வரை நின்று, டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். அந்தச் சூட்டில் அவ்வளவு வேகமாக நான் காபி குடித்ததில்லை. நாக்கு வெந்துபோயிற்று.

திரும்பி வரும்போதும் பஸ்ஸில் நின்றுகொண்டுதான் வந்தேன். அவமானப்பட்டுப் பழகியவன் நான், அதில் எனக்குத் தெரியாத வகை இல்லை என்று நினைத்திருந்தேன். அத்தனையும் மற்றவர்கள் எனக்குச் செய்தவை. அந்தப் பெண்ணுக்கு நான் செய்ததற்கு என்ன பேர் என்று யோசித்துக்கொண்டே வந்தேன். என் உடம்புக்காகக் கூசியதெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமேயில்லை.

அம்மா விளக்கு வைத்துவிட்டு எனக்காகக் காத்திருந்தாள். "எங்கலே போன?" என்றாள். உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன் என்றதும் பதறினாள். "இருங்கம்மா, கேளுங்க" என்றேன். காரணம் என் உடம்பு இல்லை, என் வாய்தான் என்றேன். தாய்மாமன் ஆபீஸுக்கு வந்ததையும், திரையில் ஒருவனைக் காட்டி நான் பேசிய ஒவ்வொரு பேச்சையும், அவன் ஆத்தா வாயில் திணித்திருப்பாள் என்று சொன்னதையும் மறைக்காமல் சொன்னேன். அந்தப் பெண்ணும் என்னைப் போலத்தான் இருக்கிறது, என்னை நம்பித்தான் வந்தார்கள், நான் அந்தப் பெண்ணின் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டு வந்தேன் என்றேன். நீங்கள் ஊட்டியது எதற்கும் காரணம் இல்லை, இனிமேல் கஞ்சி குடிக்காதீர்கள் என்றேன். பேசும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது.

அம்மா கடைசிவரை கேட்டாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்காக இம்புட்டுக் கத கட்டணுமாலே?" என்றாள்.

"கத இல்லம்மா. நெசமாத்தான் சொல்லுதேன்."

"நான் மனசு ஒடஞ்சு போவேன்னு பழியத் தூக்கி ஒன் தலையில போட்டுக்கிடுத. எனக்குத் தெரியாதாலே ஒன்னய? ஒருத்தர ஒரு சொல்லு சொல்லத் தெரியாத புள்ள நீ. நீயாவது அப்படிப் பேசுறதாவது."

இன்னொரு தடவை சொன்னேன். அவள் சிரித்துக்கொண்டே தலையை ஆட்டினாள், கண்ணில் தண்ணீர் நின்றது. முந்தானையால் முதலில் என் முகத்தைத் துடைத்தாள், பிறகுதான் தன் முகத்தை.

"ஒடம்ப மட்டும் பாத்துட்டுப் போயிட்டாகளே அவிய" என்றாள். "இப்படி ஒரு மனச யாரும் பாக்கலயே."